உங்க எம்பி நாட்டோட காசை நாளைக்கும் சேர்த்துப் பாக்குறாரான்னு தெரிஞ்சுக்கிறது எப்படி

2025 சிங்கப்பூர் பட்ஜெட் அன்னிக்கு சாயந்திரம் எங்க புளோக் கீழ கோப்பிக் கடைல ஒரே பேச்சு. வீட்டுக்கு 800 வெள்ளி சிடிசி, அதாவது சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு, அது போக நாட்டோட அறுபதாவது ஆண்டுக்காக பெரியவங்க ஒவ்வொருத்தருக்கும் எஸ்ஜி60 பற்றுச்சீட்டு 600, அறுபதும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்கு 800. எங்க மாமனார் உட்பட மேசைல எல்லாரும் போன்ல கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தாங்க, அதுல தப்பே இல்ல, விலைவாசி அப்படி, எங்க வீட்டுக்கும் அது பெரிய உதவிதான். ஆனா இந்தக் காசு எந்த வரவுல இருந்து வருது, இதே மாதிரி 2045-லயும் குடுக்க முடியுமான்னு அந்த மேசைல ஒருத்தர் கூட கேக்கல. நாம கேக்கலன்னா நம்ம எம்பிக்கும் அதைப் பத்திப் பேசணும்னு ஒரு அவசரம் வராது, ஏன்னா அவர்கிட்ட போறவங்க எல்லாம் லிப்ட், பார்க்கிங், வீடு, வேலைன்னுதான் போறோம்.

நான் கணக்கு எழுதுற வேலைல இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன். நாட்டோட கணக்கும் படிக்கிறவங்களுக்குப் புரியற கணக்குதான், ரெண்டு மூணு சாயந்திரம் ஒதுக்கினா போதும். எப்படிப் படிக்கணும், எம்பி என்ன செய்யணும், அவர் செய்றாரான்னு எங்க பாக்கணும், அவர்கிட்ட எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

முதல்ல எம்பி கைல என்ன அதிகாரம் இருக்குன்னு தெரிஞ்சுக்கணும், அது தெரியாம திட்டினாலும் பாராட்டினாலும் பிரயோஜனம் இல்ல. நம்ம அரசமைப்புச் சட்டப்படி சாதாரண எம்பி எந்திரிச்சு "இதுக்கு இன்னும் நூறு மில்லியன் குடுங்க"ன்னு ஒரு மசோதா கொண்டு வர முடியாது, வரி போடுறது, செலவு கூட்டுறது மாதிரி மசோதாவுக்கு அதிபரோட பரிந்துரை வேணும், அதை ஒரு அமைச்சர்தான் சபைல தெரிவிக்கணும். அதனால எம்பியோட வேலை பெரும்பாலும் கேள்வி கேக்குறது, வாதாடுறது, கடைசில ஓட்டுப் போடுறது. பிப்ரவரில நிதியமைச்சர் பட்ஜெட் வாசிப்பார், அப்புறம் ரெண்டு மூணு நாள் பொது விவாதம், அதுக்குப் பிறகு ஒவ்வொரு அமைச்சோட ஒதுக்கீட்டையும் தனித்தனியா எடுத்துப் பேசுவாங்க. அந்தக் கட்டத்துல எம்பிங்க "வெட்டு" குடுப்பாங்க, அதாவது அந்த அமைச்சோட ஒதுக்கீட்டுல 100 வெள்ளி குறைக்கணும்னு பேருக்கு ஒரு தீர்மானம். நூறு வெள்ளி குறையப் போறதில்ல, ஆனா அது இருந்தாதான் அந்தத் தலைப்புல பேச நேரம் கிடைக்கும். எல்லாம் முடிஞ்சதும் நிதி ஒதுக்கீட்டு மசோதா மேல ஓட்டு, ஏப்ரல் 1-ல புது நிதியாண்டு ஆரம்பம். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது, தேர்தல்ல நிக்காம நியமனத்துல வர்ற நியமன எம்பிங்க இந்த மசோதாவுல பேசலாம், ஓட்டுப் போட முடியாது. தேர்தல்ல தோத்தும் நல்லா ஓட்டு வாங்கி சபைக்கு வர்ற எதிர்க்கட்சிக்காரங்க, அதாவது தொகுதியில்லா எம்பிங்க போடலாம், 2016-ல அரசமைப்பைத் திருத்தி அவங்களுக்கு முழு ஓட்டுரிமை குடுத்தாங்க.

"நம்ம நாட்டுலதான் எல்லாத்துக்கும் பூட்டு இருக்கே, அதிபர் சாவி வச்சிருக்காரே, எம்பி என்ன கெடுத்துட முடியும்"னு கேக்குறவங்க நிறைய. பூட்டு இருக்கறது உண்மைதான். ஒரு அரசாங்கம் தன்னோட தவணைக்குள்ள வந்த காசைத்தான் செலவு பண்ணலாம், அதுக்கு முன்னாடி இருந்த அரசாங்கங்கள் சேர்த்தது கடந்தகால இருப்பு, அதைத் தொடணும்னா அதிபர் சம்மதிக்கணும். 1991-ல வந்த ஏற்பாடு இது. நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு நெருக்கமான கதையும் உண்டு. 2009 ஜனவரில உலகமே நிதி நெருக்கடில தள்ளாடுனப்போ நிதியமைச்சரா இருந்த தர்மன் சண்முகரத்னம் முதல் தடவையா அந்த இருப்பைக் கேட்டார், சம்மதம் சொன்னவர் அதிபர் எஸ்.ஆர். நாதன். அனுமதி 4.9 பில்லியன் வெள்ளிக்கு, எடுத்தது 4 பில்லியன், 2011-ல அரசாங்கம் திருப்பி வச்சிடுச்சு. அன்னிக்குக் கேட்ட தர்மன் இன்னிக்கு அதிபரா அந்தச் சாவிய வச்சிருக்கார். கோவிட்ல அதிபர் ஹலிமா 2020 நிதியாண்டுக்கு மட்டும் 52 பில்லியன் வரைக்கும் சம்மதிச்சாங்க, மூணு நிதியாண்டுல எடுத்தது கிட்டத்தட்ட 40 பில்லியன், இந்தத் தடவை திருப்பி வைக்கிறது கஷ்டம்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. 2009 கணக்கோட இதை வச்சுப் பாருங்க, பத்து மடங்கு. அடுத்த நெருக்கடிக்கு எவ்வளவு வேணும்னு யாருக்குத் தெரியும்?

ஆனா பூட்டு மேல மட்டும் பாரத்தைப் போடக் கூடாதுன்னு நான் நினைக்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு.

ஒண்ணு, அந்தப் பூட்டோட அளவையே மாத்துற அதிகாரம் நாடாளுமன்றத்துகிட்டதான் இருக்கு. இருப்புல இருந்து வர்ற முதலீட்டு வருமானத்துல பாதி வரைக்கும் பட்ஜெட்டுக்கு எடுத்துக்கலாம், அதுக்குப் பேர் நிகர முதலீட்டு வருவாய்ப் பங்களிப்பு, சுருக்கமா என்ஐஆர்சி. இந்த விதி வானத்துல இருந்து விழல. 2008-ல எம்பிங்க ஓட்டுப் போட்டு அரசமைப்பைத் திருத்தினாங்க, எதிர்பார்க்கிற நீண்டகால வருமானத்தை வச்சுக் கணக்குப் போடலாம்னு ஆச்சு, முதல்ல அரசாங்க முதலீட்டு நிறுவனமான ஜிஐசி, சிங்கப்பூர் நாணய ஆணையம் ரெண்டுக்கும், 2015-ல மறுபடி திருத்தி இன்னொரு அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கையும் சேர்த்தாங்க. நாளைக்கு பாதிங்கறதை அறுபது சதவீதம்னு மாத்தணும்னாலும் அதுவும் ஓட்டுதான்.

ரெண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிய கவலை. பூட்டு காப்பாத்துறது பழைய காசை. மெதுவா வளர்ற செலவை எந்தப் பூட்டும் நிறுத்தாது. ஒரு தவணை அஞ்சு வருஷம், அதுக்குள்ள கணக்கு சரியா இருந்தா விதிப்படி எல்லாம் ஒழுங்கு. ஆனா இன்னிக்கு ஆரம்பிக்கிற ஒரு சலுகையோட முழுச் செலவு இருபதாவது வருஷத்துலதான் தெரியும்னா அதை இன்னிக்கே எண்ணிப் பாத்து சபைல சொல்ற பொறுப்பு ஓட்டுப் போடுற ஆளுக்கு இருக்கு, வேற யாருக்கும் அந்த வேலை எழுதி வைக்கல.

பக்கத்துல இலங்கையைப் பாருங்க. அங்கேயும் 2003-லயே நிதிப் பொறுப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, பற்றாக்குறை இவ்வளவுக்குள்ள இருக்கணும்னு இலக்கெல்லாம் எழுதினாங்க, அப்புறம் இலக்கை எட்ட முடியலன்னதும் சட்டத்தைத் திருத்தி தேதியத் தள்ளிட்டாங்க. 2019 கடைசில தேர்தல் முடிஞ்ச சூட்டோட மதிப்புக் கூட்டு வரிய 15-ல இருந்து 8 சதவீதமா இறக்கினாங்க, அந்த வருமானத்துக்கு மாத்து எதுவும் இல்ல, அதுக்கு மேல கோவிட் வந்து சுற்றுலா படுத்துடுச்சு, 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாதுன்னு அறிவிச்சாங்க. யாழ்ப்பாணத்துல சொந்தம் இருக்கிற என் தோழி அந்த மாசங்கள்ல பால் மாவும் மருந்தும் பெட்டி பெட்டியா அனுப்பினதை நான் பாத்திருக்கேன். நம்ம நிலைமை அதோட ஒப்பிடவே முடியாது, நம்மகிட்ட சொத்து இருக்கு. ஆனா சட்டம் எழுதி வச்சா மட்டும் போதாது, ஓட்டுப் போடுறவங்க அதை மதிக்கணும்ங்கறதுக்கு இதை விடக் கண் முன்னால உதாரணம் எனக்குத் தெரியல.

சரி, பட்ஜெட்டைப் படிக்கிறது எப்படின்னு பாப்போம். பட்ஜெட் உரைய முழுசா படிக்கணும்னு அவசியமில்ல. நிதி அமைச்சோட பட்ஜெட் இணையப் பக்கத்துல பின்னிணைப்பா வரவு செலவு அட்டவணை இருக்கும், அதை மட்டும் எறக்கிக்கோங்க, கூட ஒரு நோட்டு வச்சுக்கோங்க.

அதுல நான் முதல்ல பாக்குறது என்ஐஆர்சின்னு போட்டிருக்கிற வரிசை. இன்னிக்கு நம்ம நாட்டோட ஒத்தை பெரிய வருமானங்கள்ல அது ஒண்ணு, அரசாங்கச் செலவுல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு அதுதான் தாங்குது, வருஷத்துக்கு 20 பில்லியன் வெள்ளிக்கு மேல. ஊர்ல தென்னந்தோப்பு வச்சிருக்கிற குடும்பம் மாதிரி நினைச்சுக்கோங்க, மரத்தை வெட்டி விக்கல, காய்ல பாதிய வீட்டுக்கு எடுத்துக்கிறாங்க, பாதிய வித்து புதுக் கன்னு வைக்கிறாங்க. இப்ப அந்த வரிசையக் கையால மறைச்சுட்டு மிச்சத்தைக் கூட்டிப் பாருங்க. வரியும் கட்டணமும் மட்டும் வச்சு செலவைத் தாங்க முடியுமா? பல வருஷம் முடியல. நாம உபரின்னு கேக்குறது பெரும்பாலும் தோப்புல இருந்து வந்த காயையும் சேர்த்துதான். இதை ஒரு தடவ உங்க கையால கூட்டிப் பாத்தீங்கன்னா பட்ஜெட் பேச்சு கேக்குற காதே மாறிடும்.

அடுத்து சுகாதார அமைச்சோட செலவு வரிசை. இதை மட்டும் பத்துப் பதினஞ்சு வருஷத்துக்குப் பின்னாடி போய் எழுதுங்க, பழைய பட்ஜெட் எல்லாம் அங்கேயே இருக்கு. 2011 வாக்குல சுமார் 4 பில்லியன் வெள்ளி. 2025 நிதியாண்டு மதிப்பீட்டுல 20 பில்லியனைத் தாண்டிடுச்சு, தற்காப்புச் செலவை எட்டிப் பிடிக்கிற தூரம். 2030 வாக்குல சிங்கப்பூரர்கள்ல நாலு பேர்ல ஒருத்தர் 65 வயசுக்கு மேல இருப்பாங்க. எங்க மாமனாருக்கு டயாலிசிஸ், அவர் பில்லுல மானியம் போக நாங்க கட்டுறதையும் மானியம் எவ்வளவுன்னும் பாக்கும்போதுதான் இந்த 20 பில்லியன் எங்க போகுதுன்னு எனக்கு உறைச்சுது, ஒவ்வொரு வெள்ளியும் தேவையான செலவுதான், ஒண்ணையும் நான் குறைக்கச் சொல்ல மாட்டேன். அதனாலதான் வரவு எங்க இருந்து வரும்னு இப்பவே பேசணும்னு சொல்றேன். ஜிஎஸ்டி 7-ல இருந்து 9 ஆனது நினைவிருக்கும், 2018 பட்ஜெட்லயே அறிவிச்சாங்க, 2023-ல 8, 2024-ல 9. அவ்வளவு வலி குடுத்த அந்த ரெண்டு புள்ளி வருஷத்துக்குக் கொண்டு வர்றது நாட்டோட மொத்த உற்பத்தில சுமார் 0.7 சதவீதம். 2023-ல நிதி அமைச்சே ஒரு கணிப்பு வெளியிட்டுச்சு, அப்ப உற்பத்தில 18 சதவீதம் வாக்குல இருந்த அரசாங்கச் செலவு 2030 வாக்குல 20 சதவீதத்தைத் தாண்டலாம்னு. கூட்டிக் கழிச்சுப் பாத்துக்கோங்க.

மூணாவதா மதிப்பீடும் நடந்ததும். பட்ஜெட் அட்டவணைல "மதிப்பீடு", "திருத்திய மதிப்பீடு", "உண்மை"ன்னு வேற வேற பத்தி இருக்கும். 2024 நிதியாண்டுக்கு முதல்ல சொன்ன உபரி 0.8 பில்லியன், ஒரு வருஷம் கழிச்சு திருத்தினப்போ 6.4 பில்லியன், முக்கியக் காரணம் கம்பெனி வரி எதிர்பார்த்ததை விட நிறைய வந்துச்சு. நல்ல சேதிதான். ஆனா ரெண்டு கேள்வி வருது. கணிப்பு ஏன் இவ்வளவு தள்ளிப் போச்சு, இந்த வரி அடுத்த வருஷமும் வருமா? உலக நாடுகள் சேர்ந்து பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரின்னு முடிவு பண்ணி நாமும் 2025-ல இருந்து அதை நடைமுறைப்படுத்தியிருக்கோம், அதனால வரி வரவு கூடலாம், அதே சமயம் வரி குறைவுன்னு இங்க வந்த கம்பெனி வேற ஊர் பாக்கலாம். இந்த ரெண்டையும் சபைல எந்த எம்பி பேசினார்னு தேடிப் பாருங்க.

நாலாவது நிதிகள்ல போடுற காசு. இது எனக்குப் பிடிச்ச பழக்கம். மூத்தவங்களுக்கான முன்னோடித் தலைமுறைத் திட்டம் 2014-ல வந்தப்போ 8 பில்லியனை அன்னிக்கே ஒதுக்கி வச்சுட்டாங்க, அவங்களுக்கு அடுத்த மெர்டேக்கா தலைமுறைக்கு 2019-ல 6.1 பில்லியன், ஓய்வுக்கால உதவிக்கான மாஜுலா திட்டத்துக்கு 7.5 பில்லியன். சலுகை அறிவிக்கிற அரசாங்கமே அதோட வாழ்நாள் செலவையும் தன் தவணைல எடுத்து வச்சா அடுத்து வர்றவங்க தலைல பாரம் ஏறாது. ஒரு திட்டத்தை அளக்க இதை விட எளிசான அளவுகோல் கிடையாது. கடல் மட்டம் உயர்றதைச் சமாளிக்க நூறு வருஷத்துல 100 பில்லியன் வெள்ளி ஆகலாம்னு 2019 தேசிய தினப் பேருரைல சொன்னாங்க, அதுக்கு 2020-ல 5 பில்லியன், 2025-ல இன்னொரு 5 பில்லியன் நிதில போட்டாங்க. மிச்சம் 90-க்கு வழி என்ன, எந்த வேகத்துல சேக்கணும்னு கேக்குறது எம்பியோட வேலை.

கடன் பத்தி ஒரு வார்த்தை, வாட்ஸ்அப்ல வர்ற பயமுறுத்தலுக்காக. "சிங்கப்பூர் கடன் மொத்த உற்பத்திய விட ஒண்ணரை மடங்குக்கு மேல, நாடு மூழ்குது"ன்னு வந்தா நம்பாதீங்க. எண் சரி, அர்த்தம் தப்பு. அந்தப் பத்திரங்கள்ல பெரும்பகுதி செலவு பண்றதுக்காக வாங்கின கடன் இல்ல, நம்ம மத்திய சேமநிதி (சிபிஎஃப்) பணத்தை வாங்கி வைக்கிற சிறப்புப் பத்திரமும் கடன் பத்திரச் சந்தைய வளக்குறதுக்கு வெளியிட்டதும்தான், அந்தக் காசை அரசாங்கம் செலவு பண்ண சட்டம் விடாது, முதலீடுதான் பண்ணணும். கவனிக்க வேண்டிய கடன் வேற. 2021-ல சிங்கான்னு சுருக்கமா சொல்ற பெரிய உள்கட்டமைப்புக் கடன் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேத்துச்சு, எம்ஆர்டி ரயில் பாதை மாதிரி குறைஞ்சது 50 வருஷம் உழைக்கிற, 4 பில்லியனுக்குக் குறையாத திட்டங்களுக்கு மட்டும் 90 பில்லியன் வரைக்கும் வாங்கலாம். அம்பது வருஷம் ஓடுற ரயிலுக்கு அம்பது வருஷத்து ஆளுங்களும் பங்கு குடுக்கறது நியாயம்தான்னு நான் நினைக்கிறேன். அந்த 90 எப்ப நிறையும், நிறையற நேரத்துல வட்டி என்ன, எல்லையக் கூட்டணும்னு ஒரு நாள் மசோதா வந்தா யார் என்ன சொல்லுவாங்க, அதைத்தான் பாத்துக்கிட்டே இருக்கணும்.

இப்ப எம்பியைப் படிக்கிறது. நாடாளுமன்ற இணையத்தளத்துல ஹன்சார்ட் இருக்கு, சபைல பேசின ஒவ்வொரு வார்த்தையும். உங்க எம்பி பேரைப் போட்டு பிப்ரவரி, மார்ச் மாசத்தை மட்டும் தேடுங்க. 2021-ல இருந்து நேரலையும் வருது, சபைல தமிழ் உரைபெயர்ப்பும் உண்டு, தமிழ்ல பேசுற உரிமை எம்பிக்குச் சட்டத்துலயே இருக்கு. படிக்கும்போது ஒரு பென்சிலை எடுத்து எத்தனை இடத்துல "கூட்டணும், நீட்டிக்கணும், விரிவாக்கணும்"னு கேக்குறார், எத்தனை இடத்துல "இதுக்கு வரவு எங்க, போன வருஷம் குடுத்ததுல பலன் என்ன"ன்னு கேக்குறார்னு கோடு போடுங்க. முதல் வகை மட்டும் இருந்தா அவர் நல்ல மனுஷரா இருக்கலாம், நம்ம கஷ்டத்தை எடுத்துச் சொல்றவரா இருக்கலாம், ஆனா கணக்கைப் பாக்குறவர் இல்ல. ஆளுங்கட்சி எம்பியும் இதுல சேர்த்தி, எதிர்க்கட்சியும் சேர்த்தி.

இருப்பு விஷயத்துல ரெண்டு பக்கமும் கேளுங்க. 2024 பிப்ரவரில இருப்பு சேக்குற கொள்கைய மறுபரிசீலனை பண்ணணும்னு சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி தீர்மானம் கொண்டு வந்து நீண்ட விவாதம் நடந்துச்சு, அதை ஒரு சனிக்கிழமை உக்காந்து படிங்க, எந்தப் பாடப் புத்தகத்தையும் விட நல்லா இருக்கும். இருப்புல இருந்து இன்னும் கொஞ்சம் எடுக்கலாம், இன்னிக்கு வாழறவங்களும் மனுஷங்கதானேன்னு சொல்றவங்ககிட்ட நான் கேக்குற கேள்வி, எடுத்தா இருப்பு உற்பத்தியோட வேகத்துல வளருமா தேயுமா, நீங்க போட்ட கணக்கைக் காட்டுங்க. தொடவே கூடாதுன்னு சொல்றவங்ககிட்ட கேக்குறது, எவ்வளவு இருந்தா போதும்னு ஒரு அளவு உண்டா, அளவே இல்லாம சேக்குறதை நியாயப்படுத்துங்க. ஜிஐசி கைல மொத்தம் எவ்வளவுன்னு அரசாங்கம் வெளியிடறதில்ல, நாணயத்தைத் தாக்குறவங்களுக்கு நம்ம பலத்தைக் காட்டக் கூடாதுங்கறது அவங்க வாதம், எனக்கு அதுல ஓரளவு உடன்பாடு உண்டு, ஆனா அதனாலேயே எம்பிங்க பொறுப்பு இன்னும் கூடுது, நாம பாக்க முடியாத இடத்துல நமக்காகக் கேள்வி கேக்க வேண்டியது அவங்கதான். ரெண்டு பக்க வாதத்துலயும் நேர்மை இருக்கு. வாயே திறக்காதவரைத்தான் என்னால ஏத்துக்க முடியல.

வழக்கமா ஜூலைல தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை வரும். எந்த அமைச்சுல, எந்த வாரியத்துல காசு சரியாக் கையாளப்படலன்னு பேர் போட்டு எழுதியிருப்பாங்க. பொதுக் கணக்குக் குழு எம்பிங்க அதை எடுத்து விளக்கம் கேப்பாங்க. உங்க எம்பி அந்தக் குழுல இல்லன்னாலும் அந்த அறிக்கைய வச்சு சபைல ஒரு கேள்வியாவது கேட்டாரான்னு பாருங்க.

எல்லாத்தையும் விட எளிசா ஒரு சோதனை உங்க வீட்டு வாசல்லயே இருக்கு, நகர மன்றம். நம்ம ஊர்ல எம்பிங்கதான் நகர மன்றத்தை நடத்துறாங்க. நாம மாசா மாசம் கட்டுற சேவை, பராமரிப்புக் கட்டணத்துல ஒரு பங்கு கட்டாயமா நீண்டகாலப் பழுதுபார்ப்பு நிதிக்கும் லிப்ட் மாத்துற நிதிக்கும் போகணும், பெயிண்ட் அடிக்கிறது, மேல்கூரை, தண்ணிக் குழாய் எல்லாம் அதுல இருந்துதான். தணிக்கை செஞ்ச வருடாந்திரக் கணக்கு நாடாளுமன்றத்துல வைக்கிறாங்க, நகர மன்ற இணையப் பக்கத்துலயும் கிடைக்கும். மூணு வருஷத்து அறிக்கைய எடுத்து அந்த நிதி ஏறுதா இறங்குதா, உங்க வட்டாரத்து புளோக்கெல்லாம் எத்தனை வயசு, லிப்ட் எப்ப மாத்தணும்னு பாருங்க. அந்தப் பணத்தை எதுல போட்டு வச்சிருக்காங்கன்னும் பாருங்க, 2008-ல லீமன் பிரதர்ஸ்ங்கற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்தப்போ சில நகர மன்றங்களோட பணமும் அதுல மாட்டி சபைல பெரிய கேள்வியா வந்துச்சு. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்லுவாங்க, புளோக்கோட லிப்டுக்கு அளந்து போடாதவர் நாட்டோட கடல் சுவருக்கு அளப்பார்னு நான் நம்ப மாட்டேன்.

கடைசியா கேக்குறது. எம்பி நடத்துற மக்கள் சந்திப்புக்குப் போகலாம், ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க, அங்க வரிசைல இருக்கிறவங்க அவசரக் கஷ்டத்தோட வந்தவங்க. நான் முதல் தடவை போனப்போ தொண்டூழியர் தம்பி "அக்கா, என்ன கேஸ், அப்பீலா?"ன்னு கேட்டார், பட்ஜெட் பத்திக் கேக்க வந்தேன்னதும் எந்த ஃபாரத்துல எழுதுறதுன்னு அவருக்குத் தெரியல, பாவம். எம்பி கேட்டார், பொறுமையாத்தான் கேட்டார், ஆனா எனக்குப் பின்னாடி கைக்குழந்தையோட ஒரு பொண்ணு நின்னுக்கிட்டு இருந்துச்சு, எனக்கு மனசே இல்ல, ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்கப்புறம் நான் ஈமெயில்தான். கூட்டம் இல்லாத வீடு வீடாச் சந்திக்கிற நாள்லயும் கேக்கலாம்.

ஈமெயில்ல ஒரே கேள்வி போதும், எண்ணோட இருக்கணும், ஆமா இல்லன்னு தப்பிக்க முடியாத மாதிரி இருக்கணும். நான் அனுப்பினது இப்படி இருந்துச்சு, வேணும்னா மாத்தி எடுத்துக்கோங்க:

"வணக்கம். நான் உங்க தொகுதில குடியிருக்கேன். இந்த வருஷ பட்ஜெட் விவாதத்துல மூத்தோர் பராமரிப்புக்கு இன்னும் கூடுதல் மானியம் கேட்டீங்க, அதை நான் ஆதரிக்கிறேன். அதுக்கு 2035-ல வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்னு உங்க மதிப்பீடு? அந்தத் தொகை வரில இருந்தா, முதலீட்டு வருவாய்ல இருந்தா, வேற செலவைக் குறைச்சா? உங்ககிட்ட மதிப்பீடு இல்லன்னா இதையே சுகாதார அமைச்சருக்கு எழுத்துபூர்வக் கேள்வியா தாக்கல் பண்ண முடியுமா?"

அந்தக் கடைசி வரிய விட்டுடாதீங்க. ஒரு எம்பி ஒரு அமர்வுக்கு அஞ்சு கேள்வி வரைக்கும் குடுக்கலாம், அதுல மூணு வாய்மொழியா. வாய்மொழிக் கேள்விக்கு நேரம் ஒன்றரை மணி நேரம்தான், உங்க கேள்வி வராமலே போகலாம், எழுத்துபூர்வக் கேள்வின்னா பதில் ஹன்சார்ட்ல ஏறிடும், பத்து வருஷம் கழிச்சும் எடுத்துக் காட்டலாம். எனக்கு முதல்ல வந்த பதில் கருத்துக்கு நன்றி, சம்பந்தப்பட்ட அமைச்சுக்கு அனுப்பியிருக்கோம்னு மூணு வரி. நான் விடல, அதே கேள்விய ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அனுப்பினேன், எந்த அமர்வுல தாக்கல் பண்ணுவீங்கன்னு மட்டும் சேர்த்து. உங்களுக்கும் அப்படி வந்தா கோவப்படாம அதையே செய்யுங்க, இன்னும் ரெண்டு மூணு வீட்டு ஆளுங்களையும் சேர்த்துக்கோங்க, ஒரே கேள்வி நாலு வீட்டுல இருந்து வந்தா அதுக்கு எடை வேற.

பட்ஜெட்டுக்கு முன்னாடி அரசாங்கத்தோட ரீச் அமைப்பும் நிதி அமைச்சும் பொதுமக்கள்கிட்ட கருத்து கேப்பாங்க, வருஷக் கடைசில ஆரம்பிச்சு ஜனவரி வாக்குல முடிஞ்சிடும். நிறையப் பேர் பட்ஜெட் வாசிச்சதுக்கு அப்புறம்தான் கருத்து சொல்றோம், அப்ப மாவு அரைச்சு இட்லியும் வெந்தாச்சு. அதனால எம்பிக்கு எழுதுறதை நவம்பர்லயே எழுதிடுங்க, சுகாதாரச் செலவையும் என்ஐஆர்சியையும் எழுதி வச்ச அந்த நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து ஈமெயில்ல இணைச்சிடுங்க.